செவலைக்கு ஒரு விளம்பரம்

நேற்று ராத்திரி என் குதிரை செவலையை விற்க விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ‘நாளைய சாம்பியன்’ என்று கை தானாக எழுதிவிட்டது. உடனே அடித்தேன். அவனுக்கு மூணே முக்கால் வயசு. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து நின்று, மடி தேடிச் சீம்பால் குடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவன் சாம்பியன் ஆவானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி ஒருவரிடம் எப்படிப் பணம் வாங்குவது?

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் விளம்பரம் பார்த்து ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். ‘நாலு வயது, பரம சாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம்’ என்று போட்டிருந்தார்கள். கூடவே, தன் நெஞ்சு உயரத் தடையை ஆளில்லாமல் தாண்டுகிற படம். போய்ப் பார்த்தபோது சேணம் கட்டித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். சேணத்துக்கு அடியில் ஈரம். நான் வருவதற்கு முன்பே நன்றாக ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் அப்புறம் வரும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் சேணத்தைப் பார்த்தாலே காதை மடக்க ஆரம்பித்தாள். கால்நடை மருத்துவர் முதுகில் இரண்டு விரலால் லேசாகத்தான் அழுத்தினார். அவள் முதுகை அப்படியே பள்ளமாகத் தாழ்த்தி விலகினாள். அப்புறம் வாயைத் திறந்து காட்டினார். முன்வரிசையில் நடு ஜோடிப் பல் மட்டும்தான் புதுசு, மற்றதெல்லாம் பால் பல். நடு ஜோடி இரண்டரை வயதில் விழும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். என் ‘நாலு வயதுக்’ குதிரைக்கு மூன்றரைகூட நிறையவில்லை. அந்த முதுகின் மேல்தான் யார் யாரோ ஏறி, குதிக்கவும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் மேய்ச்சலில் சும்மா விட்டேன். முதுகு தேறியது. ஆனால் கடைசி வரைக்கும் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் கண்ணை அகல விரித்து மூச்சை அடக்கிக்கொள்வாள்.

குதிரை உயரமாகி, தசையும் போட்டுவிட்டால் முழுசாக வளர்ந்துவிட்டது என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். எலும்பின் கணக்கு வேறு. குளம்புக்குப் பக்கத்து எலும்புகளில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளுகிற குருத்துப் பகுதி, சீக்கிரமே எலும்பாகி மூடிவிடும். முன்முழங்காலுக்கு மேலே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுதும் முதிர ஐந்தரை, ஆறு வயது ஆகிவிடும். நாம் சேணம் வைக்கிற இடம்தான் கடைசியில் முதிர்கிறது. அதனால் செவலைக்கு மூன்று வயதுக்கு மேல்தான் ஆள் ஏற்றினோம். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு இருபது நிமிஷம். ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி மந்தையோடு மேய விட்டேன். விளம்பரத்திலும் இதை அப்படியே எழுதியிருக்கிறேன்: ‘நடை, ட்ராட் (துள்ளு நடை ஓட்டம்) நன்றாக வரும். கேன்டர் (அதைவிட வேகமான தாவல் ஓட்டம்) இடப்பக்கம் நிதானம், வலப்பக்கம் இன்னும் தடுமாறுகிறான். ஆள் ஏறித் தடை தாண்டியதில்லை.’

போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் தாண்டுவான் என்பதைத்தான். ஒலிம்பிக் தாண்டுதல் போட்டியில் ஒன்பது வயதுக்குக் குறைந்த குதிரையை இறக்க முடியாது. 2016 ரியோவில் தங்கம் வென்ற பிக் ஸ்டார் என்ற குதிரைக்கு அப்போது 13 வயது. அந்த வயதில் நல்ல மூட்டுகளோடு நிற்க வேண்டுமென்றால் மூன்று வயதில் என்ன செய்தோம் என்பது முக்கியம். ஆளில்லாமல் மூன்று தடவை தாண்ட விட்டிருக்கிறேன், ஒரு மீட்டருக்கு மேல் கம்பை ஏற்றவில்லை. அந்த வீடியோவை வெட்டாமல் போட்டிருக்கிறேன். இரண்டாவது முறை பின்னங்கால் கம்பைத் தட்டி உருட்டியதும் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த தடவை காலை எப்படி மடித்தான் என்று பாருங்கள், அவன் புத்தி அதில்தான் தெரியும்.

படம் எடுக்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. சமமான கெட்டித் தரை, நாலு காலும் தெரிகிற நிலை, கேமரா அவன் வயிற்று உயரத்தில். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும், கீழிருந்து எடுத்தால் நெட்டையாகத் தெரியும். புல்லில் நிறுத்தினால் குளம்பு மறைந்துவிடும், வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே குளம்பைத்தான். முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. வீடியோவில் நேராக நம்மை நோக்கி நடந்து வருவதும், திரும்பிப் போவதும், குளம்பைத் தூக்கக் கொடுப்பதும், வண்டியில் ஏறுவதும் இருக்கின்றன. வண்டியில் ஏற ஏழு நிமிஷம் ஆனது. அதையும் வெட்டவில்லை.

முதல் நாள் எடுத்த வீடியோவில் கடிவாளத்தை மென்று தலையை உதறிக்கொண்டே இருந்தான். பார்க்கிறவர் முரட்டுக் குதிரை என்றுதான் நினைப்பார். கன்னத்தை வெளியிலிருந்து தடவினால் ஒரு இடத்தில் மட்டும் சிலிர்த்தான். மருத்துவர் வாயை விரித்து டார்ச் அடித்தார். கடைவாய்ப் பல் ஒன்றின் மேல் பழைய பால் பல் தொப்பி மாதிரி பாதி கழன்று, ஓரம் ஈறில் குத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் கையில் வைத்தார். பெரிய புளியங்கொட்டை அளவில் மஞ்சளாக ஒரு துண்டு. இரண்டு வாரம் கடிவாளமே போடவில்லை. அப்புறம் எடுத்த வீடியோவில் தலை அசையாமல் போகிறான்.

விற்பதற்காகக் கொழுக்க வைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. பளபளவென்று உருண்டு திரண்டால் படம் நன்றாக வரும், ஆனால் வேகமாக ஏறும் எடை வளருகிற மூட்டில்தான் இறங்கும். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. வளரும் எலும்புக்குத் தலைகீழாக வேண்டும். அவனுக்கு முக்கிய உணவு உலர்புல்தான், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையை வைத்தால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

இனி எழுதுவதற்குக் கை கூசின வரி. எக்ஸ்-ரேயில் வலது பின்னங்காலின் நடு மூட்டில் ஒரு சின்னத் துணுக்கு. வளரும்போது குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாத இடத்தில் உடைந்து நிற்பது. நொண்டல் இல்லை, வீக்கம் இல்லை. சின்னத் துளை வழியாக எடுத்துவிடலாம், எடுத்த பிறகு போட்டிக்குப் போகிற குதிரைகள் நிறைய என்று மருத்துவர் சொன்னார். நலம் விரும்புகிற நண்பர் ஒருவர், “கேட்டால் சொல், நீயாக ஏன் சொல்ற?” என்றார். அந்தப் பெட்டையை விற்றவரும் இப்படித்தான் யோசித்திருப்பார். மூன்றாவது வரியிலேயே போட்டுவிட்டேன். எக்ஸ்-ரே படங்கள் முழுசாக வாங்குகிறவரின் மருத்துவருக்குப் போகும், என் மருத்துவரே பரிசோதித்தால் போதும் என்று சொல்லமாட்டேன்.

காலையிலிருந்து நாலு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் துணுக்கு என்றதும் வைத்துவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. ஒருவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் குதிரையாக வேண்டும் என்றார். முடியாது என்றேன். கற்றுக்கொள்கிற குதிரைக்கும் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் யார் சொல்லிக் கொடுப்பது? நாலாவதாகப் பேசிய அம்மா உயரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “கூட எத்தனை குதிரை மேயுது? இங்க வந்தா தனியா நிக்க வேண்டாம், எங்ககிட்ட அஞ்சு வயசுல ஒருத்தன் இருக்கான்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அன்று காலையில் செவலையைத் தேய்க்கவும் மாட்டேன், ஓட்டவும் மாட்டேன். மந்தையோடு மேய்ந்துகொண்டிருப்பான். தலைக்கயிறு வேலிக் கதவில் தொங்கும், அவரே போய்ப் பிடித்து வரட்டும்.