ஓமன் போகிறவர்கள் முதலில் வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓமன் போகிறோம் என்று சொன்னபோது வீட்டிலும் ஆபீசிலும் ஒரே கேள்விதான். "துபாயை விட்டுட்டு அங்க என்ன இருக்கு?" இப்போது போய்விட்டு வந்த சூட்டோடு சொல்கிறேன். மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, மணல் இருக்கிறது, நடுரோட்டில் ஹாரன் அடிக்காத மனிதர்கள் இருக்கிறார்கள். நாலைந்து நாள் லீவு கிடைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேர் விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். விசாவை இணையத்திலேயே எடுத்தோம், பத்து நாள் விசாவுக்கு ஐந்து ரியால். ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். ஒரு ரியால் 2.6 டாலர், 1986 முதல் அதே விகிதம்தான். நம் காசில் இருநூறு ரூபாயைத் தாண்டும். ரியாலுக்கு ஆயிரம் பைசா என்பதால் மெனுவில் 1.500 என்று போட்டிருப்பார்கள், அது முந்நூறு ரூபாய்க்கு மேல். பயணம் முழுக்க மனசுக்குள் பெருக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

ஓமனில் வார விடுமுறை வெள்ளி, சனி. மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் மற்ற மதத்தவரைக் காலை எட்டு முதல் பதினொன்று வரைதான் விடுகிறார்கள், வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. ஆனால் உள்நாட்டில் இருக்கும் நிஸ்வா ஊரின் ஆட்டுச் சந்தை கூடுவதே வெள்ளிக்கிழமை காலையில்தான்! அதனால் வியாழன் இரவு நிஸ்வாவில் தங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

அந்தச் சந்தையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வட்டமான கூரைக்கு அடியில் வாங்குகிறவர்கள் நடுவிலும் வெளியிலும் நிற்க, இடையில் உள்ள வழியில் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விலையைக் கத்தியபடி சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். முகமூடி அணிந்த ஒரு பெதுவின் (பாலைவன நாடோடி இன) பாட்டி ஓர் ஆட்டை நிறுத்தி, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், ஒரு வார்த்தை பேசாமல் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். விற்றவர் முகம் வாடிப்போனது. ஏழு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பதுக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிடும்.

நிஸ்வா கோட்டைக்கு எங்களிடம் தலைக்கு ஐந்து ரியால் வாங்கினார்கள். அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டுக் கோபுரம் அது. படியேறி வரும் எதிரியின் தலையில் காய்ச்சிய பேரீச்சம்பாகை ஊற்ற மேலே துளைகள் விட்டிருக்கிறார்கள். காசே கொடுக்காமல் பார்க்கக்கூடியது பக்கத்திலுள்ள ஃபலஜ் தாரிஸ். நிலத்தடி நீரைச் சரிவிலேயே தோட்டங்களுக்குக் கொண்டுவரும் வாய்க்கால், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஐந்து ஃபலஜ்களில் ஒன்று. தண்ணீரை நேரக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வார்கள், முன்பெல்லாம் பகலில் நிழலை வைத்து, இரவில் நட்சத்திரத்தை வைத்து. நல்ல வெயிலில் அதில் காலை விட்டு உட்கார்ந்தோம், எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

சரி, வண்டி. கார் வாடகைக்கு எடுங்கள். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவிடுங்கள். வலப்பக்க ஓட்டம், அரை நாளில் பழகிவிடும். சாலையெல்லாம் பிரமாதம், பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு. சின்ன கார் நாளுக்குப் பன்னிரண்டு ரியாலுக்குக் கிடைத்தது, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் டிரைவ் வண்டி கேட்டால் மூன்று மடங்கு. ஃபோர்வீல் இல்லாமல் ஜெபல் அக்தர் மலைக்குப் போலீஸ் செக்போஸ்ட்டிலேயே விடமாட்டார்கள். பட்ஜெட்டுக்காக நாங்கள் அந்த மலையை விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

மணலுக்குள் மட்டும் சின்ன கார் போகாது. அங்கேதான் வயிறு எரிந்தது. ஷர்கியா மணல்வெளியில் ஒரு கேம்ப் புக் செய்திருந்தோம். பிதியா ஊரின் பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்துங்கள், எங்கள் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், வாடகையில் அதுவும் சேர்த்தி என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். வந்த டிரைவர் இருபது ரியால் கேட்கிறார். செய்தியைக் காட்டினேன். "அது குரூப்புக்கு" என்றார், நல்ல இந்தியில். இருட்டப்போகிறது, வேறு வண்டி கிடையாது. இது அவருக்கும் தெரியும். அரை மணி வாதாடிப் பத்துக்கு இறக்கினேன், அதுவும் அநியாயக் காசுதான். கேம்ப்பில் கேட்டால் டிரைவர் எங்கள் ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். போக, வர எவ்வளவு என்று மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஆனால் மணல்மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்ததும் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வெயில் சாயச் சாய மணல் ஆரஞ்சிலிருந்து செம்பு நிறத்துக்குப் போனது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவது கேட்கும் அளவுக்கு அமைதி. டிசம்பரில் ராத்திரி நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடி அலைய வேண்டாம். நெடுஞ்சாலையில் மலையாளிகளின் டீக்கடைகள்தான் எங்களைக் காப்பாற்றின. சூடான பரோட்டாவில் சீஸ் தடவி, ஓமன் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டித் தருவார்கள், கூடவே கடக் சாய் என்ற ஸ்ட்ராங் டீ. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரியாலைத் தாண்டவில்லை. இதைவிட ருசியாக அந்த நாட்டில் நான் எதையும் சாப்பிடவில்லை! ராத்திரியில் ரோட்டோரம் கரியில் சுடும் மிஷ்காக் இறைச்சித் துண்டுகளையும் விடாதீர்கள். நிஸ்வா கடைகளில் கஹ்வா என்ற அரபுக் காபியோடு அல்வா ருசி பார்க்கத் தருவார்கள். குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் மணக்கும், நெய்யில் நம் திருநெல்வேலி அல்வாவுக்குச் சளைத்ததில்லை.

வாதி ஷாப் என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு ஒரு பகல் முழுசாக ஒதுக்குங்கள். ஒரு ரியால் படகு, முக்கால் மணி நடை, அப்புறம் பச்சைத் தண்ணீரில் நீந்திப் போனால் குகைக்குள் ஓர் அருவி. நீச்சல் தெரியாதவர்களுக்கு அந்த நடையே போதும்.

தெற்கே இருக்கும் சலாலா நகரை மட்டும் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர். அங்கே சாரலும் பச்சையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடக்கே அப்போது வெயில் நாற்பதைத் தாண்டியிருக்கும். பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரி, டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.