ஒரு முழு நிமிடம்

"வெறும் வினிகரா சிஸ்டர்?" இன்று கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனை முகாமில் ஒரு அக்கா நர்சிடம் கேட்டார்.

ஏறக்குறைய அதேதான். 5 மி.லி. அடர் அசெட்டிக் அமிலம், 95 மி.லி. காய்ச்சி வடித்த நீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வீரியம் குறைந்தால் மாற்றம் தெரியாது.

பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கூட்டம் சேர்ந்தால் முதலில் சுருங்குவது இந்த நிமிடம்தான். தயவுசெய்து சுருக்காதீர்கள். புற்றாக மாறக்கூடிய செல்கள் உள்ள இடம் மெல்லத்தான் வெளுக்கும்: கெட்டியான வெள்ளை, தெளிவான ஓரம். வெளுத்ததெல்லாம் புற்று அல்ல, அழற்சியிலும் வெளுக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரே ஒரு முறை இந்தச் சோதனை, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை. கருப்பைவாய்ப் புற்று மரணங்கள் 35% குறைந்தன. நம் ஊரில் கிடைத்த சான்று இது!

மாதவிடாய் நின்றவர்களுக்கு இது போதாது. கருப்பைவாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டைத்தான் பார்க்க வேண்டும், அது உள்ளே ஏறிவிடும். அவர்களுக்கு ஹெச்பிவி சோதனை (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) நல்லது.

உறவுக்குப் பின் ரத்தமா? மாதவிடாய் நின்ற பிறகு ரத்தமா? முகாமுக்குக் காத்திருக்காதீர்கள், அம்மா. நேரே மகளிர் மருத்துவரிடம் போங்கள், ஸ்பெகுலம் (கருப்பைவாய் தெரியும்படி விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.