சுவர் காயட்டும்

காரைக்குடியில் ஒரு பழைய கல்லூரியைப் புதுப்பிக்கும் வேலை எங்களிடம் வந்தபோது, முன்கட்டடத்தை இடித்துவிட்டு மாடிகள் எழுப்ப வேண்டும் என்பதுதான் நிர்வாகத்தின் எண்ணம். காரணம் கேட்டேன். "சுவரெல்லாம் ஓதம் ஏறிப்போச்சு சார். வருஷா வருஷம் பூசுறோம், வருஷா வருஷம் உதிருது" என்றார் முதல்வர்.

மறுநாள் இந்தப் பக்கத்து வீடுகளிலேயே வேலை பார்த்துப் பழகிய ஒரு மூத்த கொத்தனாரைக் கூட்டிப்போனேன். கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் பொத்தென்று சத்தம் வந்தது. "இது சுவரோட சத்தம் இல்ல தம்பி, பூச்சோட சத்தம்" என்று நெம்பினார். ஒரு அங்குலத்துக்குச் சிமென்ட் பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் மாவு தூவியது போல உப்பு. உள்ளே பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தன.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் பட்டால் விட்டுவிடும். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பல வருடம் அப்படித்தான் வெளியேறியிருக்கிறது. எப்போதோ ஒரு மராமத்தில் சிமென்டைப் பூசி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். போக இடமில்லாத ஈரம் மேலே ஏறியது, உப்பு பூச்சைத் தள்ளியது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் சிமென்ட். நோயையே மருந்தென்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இடிக்க வேண்டாம் என்று ஒப்புக்கொள்ள வைக்கவே மூன்று கூட்டம் ஆனது. அப்புறம் சன்னல் மட்டம் வரை சிமென்டை உரித்து, கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விட்டோம். எனக்கு மிகவும் கஷ்டமான மாதங்கள் அவை. வேலை நின்றுபோச்சா என்று கேட்காத ஆள் இல்லை.

முற்றத்தில் தகரம் போட்டு வண்டி நிறுத்தியிருந்தார்கள். கானாடுகாத்தான் வீடுகளில் உச்சிவெயிலிலிருந்து வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், காலை வைத்தவருக்குத் தெரியும், முற்றம் எதற்கென்று. தகரத்தைக் கழற்ற இரண்டே நாள். வகுப்பறைச் சூடு மேலே போக வழி கிடைத்தது. ஓட்டுக்கூரைத் தண்ணீரைப் பின்பக்கக் கிணற்றுக்குத் திருப்பினோம்.

ஒன்றை மட்டும் பழையபடி விட எனக்கு மனம் வரவில்லை. செட்டிநாட்டுக் கட்டடங்களின் உயரமான அடித்தளம் அழகுதான், ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உள்ளே போக முடியாது. மூன்றடி உயரத்துக்கு, அடிக்குப் பன்னிரண்டடி என்ற சரிவில் 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும், நடுவில் நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். அதைப் பின்வாசலுக்குத் தள்ளிவிடலாம் என்றார்கள். முன்வாசலிலேயே வைத்தோம். சரிவின் வெளிப்பக்கம் முழுக்கத் திண்ணை கட்டி ஆத்தங்குடிக் கல் பதித்தோம். கண்ணாடி மேல் சாயக் கலவை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல். ஆள் உட்கார உட்காரத்தான் மெருகேறும். இப்போது பதினொன்றரை மணி இடைவேளையில் அங்கே இடம் கிடைப்பதில்லை.

நூலகப் பக்கத்துச் சுவர் மட்டும் இன்னும் காயவில்லை. அதற்கான சுண்ணாம்புப் பூச்சில் கலக்கக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் பூசி முடித்துவிட வேண்டும்.