தேனீயைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் ஆராய்ச்சிதான்

ஊருக்குப் போனால் முதல் கேள்வி, "தேனீக்கு மூளை உண்டா?" என்பதுதான். உண்டு. எள் அளவு. அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பணுக்கள். அவ்வளவை வைத்துக்கொண்டுதான் அது கூட்டுக்கும் பூவுக்கும் இடையில் உள்ள வழியை நினைவு வைக்கிறது, எந்தப் பூவுக்கு எத்தனை மணிக்குப் போனால் தேன் கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது, திரும்பி வந்து மற்ற தேனீக்களுக்கு அந்த இடத்தை ஆடியும் காட்டுகிறது. இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் வலிக்கும். "பகல் முழுக்க அதப் பாத்துட்டு இருக்கதுக்கா சம்பளம் தாறாங்க?"

ஆமாம், அதற்குத்தான். அது ஏன் சரி என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது பெங்களூருவில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். என்.சி.பி.எஸ். என்றால்தான் இங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஒரு பகுதி, ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. இதை நிறுவிய ஒபைது சித்திகி, பழ ஈக்கள் எப்படி வாசனையும் சுவையும் உணர்கின்றன என்பதை மரபணு மாறிய ஈக்களை வைத்துத் தேடியவர். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மாடியில் ஈ, இன்னொன்றில் எலி, நாங்கள் தேனீ. கேண்டீனில் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் எலியின் அச்சத்தைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் நாள் சர்க்கரைப் பாகோடு தொடங்கும். கூட்டு வாசலில் பாகுத் தட்டை வைத்து, தேனீக்கள் வந்து குடிக்கத் தொடங்கியதும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதலில் சில அடி, பிறகு பத்து மீட்டர், அப்புறம் ஐம்பது, நூறு. அவசரப்பட்டால் அத்தனையும் தட்டைத் தொலைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குடித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒரு சாயப் புள்ளி. மெல்லிய தூரிகையில் சாயத்தை எடுத்து, சிறகில் படாமல், இரு பக்கச் சிறகுகளும் தொடங்கும் இடத்துக்கு நடுவே உள்ள மயிர் நிறைந்த திட்டில் தொட வேண்டும். பாகில் நாக்கு இறங்கியிருக்கும்வரை அது நம்மைக் கண்டுகொள்ளாது. வளாகத்தில் தைல மரங்கள் பூத்துவிட்டால் எங்கள் தட்டை ஒன்றும் திரும்பிப் பார்க்காது, அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

மஞ்சள் புள்ளி வைத்த தேனீ கூட்டுக்குத் திரும்பியதும் கண்ணாடிக் கூட்டுக்குள் கேமரா ஓடும். ஆடும் தேனீ அடையின் மேல் ஒரு நேர்கோட்டில் பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே ஓடும், பிறகு வளைந்து வந்து மறுபடியும் அதே கோடு. அந்தக் கோடு செங்குத்துக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, வெளியே சூரியன் இருக்கும் திசையிலிருந்து பூ அவ்வளவு விலகி இருக்கிறது. எத்தனை நேரம் ஆட்டுகிறதோ அது தூரம். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

எனக்கு அவரைவிட அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஐரோப்பாவில் ஓர் இனம் தேனீதான் இருக்கிறது, ஆசியாவில் பல இனங்கள், அவை எப்படி ஆடுகின்றன என்று பார்க்க அவர் 1950-களில் இலங்கைக்கு, பேராதனைக்கு வந்தார். நம்மூர் கொம்புத்தேனீயை அங்கே பார்த்தார். சிறு கிளையில் ஒற்றை அடை கட்டும், அடையின் மேல்பகுதி கிளையைச் சுற்றித் திண்ணை மாதிரி தட்டையாக இருக்கும். ஆட்டம் அந்தத் தட்டையான இடத்தில்தான். அதனால் செங்குத்து, சாய்வு என்ற கணக்கே அதற்குத் தேவையில்லை. பூ இருக்கும் திசையை நேரடியாகக் காட்டிவிடும். வானம் தெரிய வேண்டும், அவ்வளவே. மலைத்தேனீயும் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீயும் செங்குத்தான அடையில் ஆடுகின்றன, அடுக்குத்தேனீ அதை இருட்டுப் பொந்துக்குள் செய்கிறது. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் இரை தேடப் போகும்.

இதில் 2020-இல் வந்த ஒரு முடிவு என் மனதுக்கு மிக நெருக்கமானது. இங்கே தேனீ ஆய்வு நடத்திய ஆக்சல் பிராக்மனும் ஜெர்மானியக் கூட்டாளிகளும் தென்னிந்தியாவில் இந்த மூன்று இனங்களின் ஆட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரே தூரத்தைக் காட்ட அடுக்குத்தேனீ அதிக நேரம் ஆடுகிறது, கொம்புத்தேனீ அதற்கடுத்து, மலைத்தேனீதான் குறைவு. எது எவ்வளவு தூரம் இரை தேடிப் போகிறது என்று பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழ். மலைத்தேனீ வெகுதூரம் போகும், அடுக்குத்தேனீ பக்கத்திலேயே சுற்றும். பக்கத்திலேயே சுற்றுகிறவருக்குச் சின்னத் தூர வித்தியாசமும் முக்கியம், அதனால் அதன் ஆட்டம் தூரத்தை அதிக நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்த ஊகம் ஃபிரிஷ் காலத்திலேயே உண்டு, மூன்றையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறுதியானது.

இதை மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் என் மாமாவிடம் போனில் சொன்னேன். மாமா கொஞ்சமும் வியக்கவில்லை. "பெட்டியக் கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள வச்சாத்தானே மக்ளே தேன் வரும், ரெண்டு மைல் தள்ளி வச்சா அது போவுமா?" என்றார். இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும் மாதங்களில் ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்காகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவர்கள் அவர்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி வந்து தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூடுகளில் பெரும்பாலானவற்றை அழித்ததையும் கண்ணால் பார்த்தவர் மாமா. நாங்கள் பல பருவம் உட்கார்ந்து அளந்து சொல்வதற்கும் அவர் பெட்டி தூக்கித் தெரிந்துகொண்டதற்கும் இடையில் எனக்குப் பெரிய வேலி தெரியவில்லை. எங்களோடு வேலை செய்யும் கள உதவியாளர் ஒருவரும் அப்படித்தான், மலைத்தேனீக் கூடு இடம்பெயரப் போகிறது என்பதை நாங்கள் வீடியோவில் எண்ணிச் சொல்வதற்கு முன்பே அடையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சரி, தூரத்தை எப்படி அளக்கிறது? களைப்பை வைத்து என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். பெங்களூருவில் படித்து ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த மந்தயம் சீனிவாசன் குழுவினர் 2000-இல் ஒரு காரியம் செய்தார்கள். உட்சுவரெல்லாம் புள்ளியும் கட்டமுமாக இருந்த, ஆறு மீட்டர் சொச்சம் நீளமுள்ள குறுகலான சுரங்கத்தில் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். திரும்பி வந்து அவை ஆடியது ஏறக்குறைய 200 மீட்டருக்கான ஆட்டம்! சுவர் மிக அருகில் இருப்பதால் கண்ணைக் கடந்து ஓடும் காட்சி அதிகம், அதையே தூரமாக எடுத்துக்கொள்கிறது. சுவரில் நீளவாட்டில் கோடுகள் மட்டும் போட்டால் காட்சி ஓடுவது தெரியாது, உணவு பக்கத்திலேயே இருப்பதாக ஆடும். மின்முனை எதையும் செருகாமல், ஒரு சுரங்கத்தையும் பொறுமையையும் வைத்து மூளை எதைக் கணக்கிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூளை வேலையும் நாங்கள் செய்கிறோம். பாகுத் தட்டில் வைத்தே பிடித்து உடனே திரவ நைட்ரஜனில் போட்டுவிடுவோம், மைனஸ் 196 டிகிரி. பிறகு குளிரிலேயே நுண்ணோக்கியின் கீழ் தலையோட்டைத் திறக்க வேண்டும். முதலில் கொத்துக் கொத்தாகச் சுரப்பிகள் வரும், அவற்றை நீக்கினால் வெள்ளை வெள்ளையாகக் காற்றுப் பைகள், அதன் கீழே மூளை. இரண்டு பக்கமும் நினைவோடு தொடர்புடைய காளான் வடிவப் பகுதிகள். கை நடுங்கினாலோ சற்று உருகிவிட்டாலோ அந்தத் தேனீ வீண். அது எனக்குப் பொறுக்காது, ஓர் உயிரை எடுத்திருக்கிறோம், அதற்கான தகவலாவது முழுசாக வர வேண்டும்.

அந்த மூளையிலிருந்து என்ன தெரியும்? ஈ.ஜி.ஆர். போன்ற சில மரபணுக்களின் செயல்பாடு, நரம்பணு வேலை செய்யத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஏறிவிடும். தேனீ இரை தேடிப் போகும்போது மூளையில் இது ஏறுவதை 2018-இல் எங்கள் மையத்தின் ஆய்வு காட்டியது. ஆனால் குழாயில் இருக்கும் மூளைக்குத் தன் கதையைச் சொல்லத் தெரியாது. அந்தத் தேனீ எத்தனை மணிக்கு முதல் தடவை வந்தது, வந்து ஆடியதா, வெறுமனே வாசலில் நின்றதா, நேற்றும் இதே நேரத்துக்கு வந்ததா என்பதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் எழுதியது. நேரம் உண்மையிலேயே முக்கியம். 1929-இலேயே இங்கெபோர்க் பெலிங், தினமும் ஒரே மணிக்கு உணவு வைத்தால், வைக்காத நாளிலும் தேனீக்கள் அந்த மணிக்கு வந்து தேடுவதைக் காட்டிவிட்டார். அப்படி எதிர்பார்த்து வந்த தேனீயையும் தற்செயலாக வந்த தேனீயையும் ஒரே குழாயில் போட்டால், பிறகு எவ்வளவு விலையுள்ள கருவியில் ஓட்டினாலும் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. கருவிக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் பாதியையாவது கூட்டின் முன்னால் கழியுங்கள் என்று புதிதாகச் சேரும் எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது ஆடுகிறவர்களை அல்ல, ஆட்டத்தைப் பார்க்கிறவர்களை. பின்னாலேயே தொடர்ந்து போய்க் கேட்டுவிட்டு, சொன்ன இடத்துக்குப் போகாமல் தனக்குத் தெரிந்த பழைய இடத்துக்கே பறந்துவிடும் தேனீக்கள் நிறைய உண்டு. எது கேட்டபடி போகிறது, எது தன் நினைவை நம்புகிறது, அந்த நேரத்தில் இரண்டின் மூளையிலும் என்ன வித்தியாசம்? இதற்கு ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்ட வேண்டும், ஆள் போதவில்லை. உயிரியல் படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது விடுமுறையில் வந்து வேலை செய்ய விரும்பினால் எழுதுங்கள். கொட்டும், அது நிச்சயம். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு வீடியோ பார்க்கும் வேலை இருக்கிறது.