பீரோவில் பூட்டிய போன்

பள்ளி ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பரீட்சை பயமும் வீட்டுச் சண்டையும்தான் அதிகம் வரும். கொரோனாவுக்கு அப்புறம் அது மாறியது. 2020-இல் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டாவது பிள்ளைக்கு போன் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகும் போன் பிள்ளையிடமே தங்கிவிட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். "பார்க்கக்கூடாததெல்லாம் பார்க்கிறான் மேடம். அவங்கப்பா போனைப் பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு" என்றார். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். பையன் வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். திருட்டுத்தனமாகப் புதுப்படம் இறக்கும் தளத்தில் எதையோ அமுக்க, வேறொன்று திறந்திருக்கிறது. முதல் தடவை பயந்து அணைத்துவிட்டான். அப்புறம் அவனே தேடிப் போனான். இப்போது தூக்கமில்லை, டீச்சர்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டான்: "எனக்கு நரம்புத் தளர்ச்சி வந்துடுமா மேடம்?"

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டிய நோட்டீஸ்கள் விதைத்த பயம் இது. ஒருமுறை பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு அப்பா தயங்கித் தயங்கி வந்து இதையே தனக்காகக் கேட்டார்! அப்படி எதுவும் வராது என்றதும் பையனுக்குப் பாதி உயிர் வந்தது. பார்த்ததைவிட, யாரிடமும் கேட்க முடியாமல் தவித்ததுதான் அவனை அதிகம் வாட்டியிருந்தது.

அதற்காகப் பார்ப்பதால் ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். பெரிய வகுப்புப் பையன்களில் சிலர், பெண் 'வேண்டாம்' என்றால் சும்மா சொல்கிறாள் என்றே நம்புகிறார்கள். பிளஸ் டூ பெண்கள் வந்து, "போட்டோ அனுப்புன்னு நச்சரிக்கிறான், அனுப்பலைன்னா நம்பிக்கை இல்லையாங்கிறான்" என்கிறார்கள். அந்தப் படம் நாலு பேருக்குப் போனால், "நான் எடுக்கல, பார்வேர்டுதான் பண்ணேன்" என்பான் ஒருத்தன். சிறார் ஆபாசப் படத்தைப் பகிர்வது மட்டுமல்ல, பகிரும் நோக்கத்தில் வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தில் குற்றம். உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இதை அழுத்திச் சொன்னது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு கப்சிப் ஆகிவிடும்.

தடை போட்டால் தீருமா? 2018-இல் 827 ஆபாசத் தளங்களை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. முடக்கிய தளத்தையும் சுற்றுவழியில் திறக்க உதவும் விபிஎன் என்றால் என்னவென்று எனக்கு விளக்கியதே ஒரு பத்தாம் வகுப்புப் பையன்தான்.

பீரோ சாவியைப் பற்றி அந்த அம்மாவிடம் நான் பேசவில்லை. ராத்திரி எல்லார் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, ஹாலிலேயே சார்ஜில் கிடக்கட்டும் என்றேன். "அவர் போனுமா?" என்று இழுத்தார்.