ஜனவரியும் ஜூலையும்

அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரில் இடிபாடாக நிற்கும் பழைய மடத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி நான். அதன் மணிக்கதையை எப்போதும் சுற்றுமண்டபத்தில் வைத்துத்தான் சொல்வேன். 1642 ஜூலையில் புராட்டஸ்டண்ட் தரப்புத் தளபதி சர் ஃபிரெட்ரிக் ஹாமில்டனின் படை ஊருக்கும், கத்தோலிக்கத் துறவிகளான டொமினிக்கன்களின் இந்த மடத்துக்கும் தீ வைத்தது. பக்தர்கள் மடத்தின் வெள்ளிமணியை மட்டும் காப்பாற்றி பக்கத்திலுள்ள லாக் கில் ஏரியில் போட்டுவிட்டார்களாம். பாவமற்றவர் காதில் இன்றும் அதன் ஓசை விழும் என்பது ஊர்வழக்கு. இந்த இடத்தில் கேட்பவர்களின் முகம் மலரும். அன்றும் மலர்ந்தது. பின்னால் நின்ற வயதான ஓர் அம்மையார் மட்டும், "ஜூலையைச் சொன்னீர்கள், அதற்கு முந்தைய ஜனவரியைச் சொல்லவில்லையே?" என்று கேட்டார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. 1641 அக்டோபரில் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் வெடித்த கத்தோலிக்கர்களின் கிளர்ச்சி ஸ்லைகோவுக்கும் பரவியது. அடுத்த ஜனவரியில், ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்த புராட்டஸ்டண்ட் குடியேறிகளை இரவோடிரவாகக் கொன்றார்கள். தப்பியவர்களும் உறவினர்களும் கொடுத்த வாக்குமூலங்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு தரப்பின் கையால் எழுதப்பட்டவை, காதில் விழுந்ததும் கண்ணால் கண்டதும் கலந்தவை. ஆனால் அப்படி ஒரு கொலை நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"இது கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது. கட்டடத்துக்கு நடந்ததை மட்டுமே சொல்கிறேன்" என்றேன்.

"கட்டடத்துக்கு அது தானாகவா நடந்தது?" என்றார். குரலில் கோபம் இல்லை. சுற்று முடியும்வரை கூடவே வந்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

என் பதிலில் நியாயம் இருப்பதாகவே இன்னும் நினைக்கிறேன். ஏறக்குறைய நானூறு ஆண்டுப் பகையை மண்டபத்து நடுவில் நின்று அவிழ்த்தால், பார்க்க வந்ததை யார் பார்ப்பார்கள்? 1253 வாக்கில் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பிரபு நிறுவிய மடம் இது. பலிபீடப் பகுதியின் தெற்குச் சுவரில் ஒடுங்கி உயர்ந்து நிற்கும் கூர்முனைச் சாளரங்கள் அந்தக் காலத்தவை. 1414இல் ஒரு மெழுகுவத்தியால் தீப்பற்றியது. அதற்குப் பிறகு எழுந்ததுதான் நாம் இன்று பார்ப்பதில் பெரும்பகுதி: கோபுரம், கிழக்குச் சாளரத்தின் கல்பின்னல், சுற்றுமண்டபம். பிரதான பலிபீடத்தின் முகப்பில் கல்லைக் குடைந்து செதுக்கிய 15ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு இருக்கிறது. அயர்லாந்தின் மடத்துக் கோயில்களில் அப்படிச் செதுக்கிய பிரதான பீடம் வேறெங்கும் மிஞ்சவில்லை. உணவறையில் மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருவர் மேலே நின்று வேதம் வாசிப்பார். அந்த மேடை இன்னும் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். ஒன்றேகால் மணி நேரம் கொடுத்தால்கூட இவற்றுக்கே போதாது.

ஆனாலும் அவர் கேள்வி விடவில்லை. கட்டடத்தை மட்டும் சொல்கிறேன் என்றேனே, அது உண்மையா? எலிசபெத் ராணி காலத்தில் மடங்கள் மூடப்பட்டபோது இந்தப் பகுதியின் தலைவர் ஓ'கானர் ஸ்லைகோ பரிந்துபேசி இதைக் காப்பாற்றியதைச் சொல்கிறேன். 1595இல் ஊர்க் கோட்டையை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை மடத்துக்குள் இருந்த மரவேலைப்பாடுகளைப் பிடுங்கி முற்றுகைக் கருவி செய்ததைச் சொல்கிறேன். இவையெல்லாம் அரசியல்தான். ஏரியில் கிடக்கும் மணி எந்த வகையில் கட்டடம்? ஜனவரிக்கு மட்டும் ஏன் கதவை அடைத்தேன்?

ஒரு காரணம் தோன்றுகிறது. எரிந்த மடத்துக்குச் சுவர் இருக்கிறது. கை வைத்துக் காட்டலாம், இங்கேதான் என்று சொல்லலாம். சிறைக்குக் காட்ட என்னிடம் ஒரு கல்கூட இல்லை. நிற்கிற கல்லின் பக்கமே என் இரக்கமும் சாய்கிறது போலும். அதே சமயம் இன்னொன்றும் உண்டு. ஜனவரியைச் சொல்லிவிட்டு ஜூலையைச் சொன்னால், ஜூலை அதற்கான தண்டனை என்று கேட்பவர் காதில் விழும். தீயில் செத்தவர்கள் எல்லோரும் சிறையில் கொன்றவர்கள் அல்லவே. வரிசையாகச் சொல்வதே ஒரு தீர்ப்பு ஆகிவிடாதா? அந்த அம்மையாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை.

அதன்பின் சில சுற்றுகளில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை இரண்டு பேர் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். பலிபீடத்தை யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு முறை கேட்டவர்கள் அமைதியாகி, பிறகு மிக நல்ல கேள்விகள் கேட்டார்கள். மூத்த வழிகாட்டி ஒருவரிடம் யோசனை கேட்டேன். "கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் கல்லைக் காட்டு" என்றார். அனுபவஸ்தர் பேச்சு, தட்ட முடியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் முழுக்கதை என்றால், தெரியாமல் வருபவருக்கு நான் எதற்கு?

இப்போது கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஒரு மாதிரி, பெரியவர்கள் என்றால் வேறு மாதிரி. இந்தப் பழக்கம் எனக்கே பிடிக்கவில்லை. யார் முகத்தைப் பார்த்து எதை மறைக்கிறேன் என்ற கணக்கு அதில் வந்துவிடுகிறது. ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஜனவரியைச் சொல்லாத நாளில் மணிக்கதையையும் சொல்வதில்லை. கூட்டத்தை நேரே ஓ'கானர் குடும்பத்தின் 1624ஆம் ஆண்டு நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப்போய், மண்டியிட்டிருக்கும் கணவனையும் மனைவியையும் காட்டத் தொடங்கிவிடுகிறேன்.