ஊபெதாவுக்குப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினுக்குக் குடிவந்த நம்மவர்கள் கிரனாடா வரைக்கும் போய்விட்டு, ஊபெதாவைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஹயேன் மாகாணத்தில், ஒலிவ் தோப்புகளுக்கு நடுவே மேட்டில் இருக்கும் ஊர். 2003-இல் பக்கத்து ஊரான பயேசாவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

ரயிலில் வருகிறவர்கள் 'லினாரெஸ்-பயேசா' என்ற நிலையப் பெயரை நம்பி ஏமாறுவதுண்டு. அது பயேசாவுக்குள் இல்லை. இறங்கியபின் பேருந்து பிடிக்க வேண்டும். கிரனாடாவிலிருந்தோ ஹயேனிலிருந்தோ நேரே பேருந்தில் வருவதே சுலபம். ஞாயிறன்று வண்டிகள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவையுங்கள். விடுதியில் அசல் கடவுச்சீட்டோ குடியிருப்பு அட்டையோ கேட்பார்கள்.

மதியம் இரண்டு மணிக்குமேல் ஊர் அடங்கிவிடும். ஆகவே உள்ளே பார்க்க வேண்டியதையெல்லாம் காலையில் முடித்துவிடுங்கள். முதலில் எல் சால்வதோர் தேவாலயம். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் செயலர் பிரான்சிஸ்கோ தே லோஸ் கோபோஸ் தன் கல்லறைக்காகக் கட்டுவித்தது. வரைபடம் தியேகோ தே சிலோயே போட்டது. கட்டி முடித்தவர் ஆந்திரெஸ் தே வண்டெல்விரா. உள்ளே போனதும் பலிபீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி 1936-இல் அழிந்து, பிறகு மீட்டமைக்கப்பட்டது. வண்டெல்விராவின் கைவரிசை தெரிவது பூசைப் பொருள்களும் அங்கிகளும் வைக்கும் அறைக்குப் போகும் வாசலில்தான்: சுவரில் இல்லாமல், இரு சுவர் சேரும் மூலையிலேயே வாசலைத் திறந்திருக்கிறார். வளைவின் ஒவ்வொரு கல்லையும் தனிக் கோணத்தில் செதுக்கினால்தான் அது நிற்கும். எனக்கு ஊரிலேயே பெரிய அதிசயம் அதுதான்.

வாஸ்கெஸ் தே மோலினா மாளிகை இப்போது நகராட்சி அலுவலகம். தேவாலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. படம் எடுக்க மாலை வெயில்தான் சரி. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயில் தாங்காது.

சைவக்காரர்கள் 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் சூரை மீன் தூவிய சாலட் வரும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" (இறைச்சி, மீன், பன்றித்தொடை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். பானம் வாங்கினால் கூடவே இலவசமாக வரும் சிறு தட்டுக்கும் இதையே சொல்ல வேண்டும்.

ஒலிவ் எண்ணெய் வாங்குவதென்றால் பிக்குவால் வகை. சூடு தாங்கும், தாளிக்கலாம். ஆனால் கசப்பும் காரமும் உண்டு, ரசத்தில் தூக்கலாகத் தெரியும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகலாம்.